மொதான் இறக்கமும் டிரைவர் தலையில் கட்டிய பழியும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கூட்டாளி ஒருவர் (பெயர் வேண்டாம், இதைப் படிப்பார், கோபிப்பார்) கைப்பேசியை என் மூக்கருகே நீட்டினார். “பாருங்க சார், உங்க பிரெஞ்சுக்காரன் லட்சணத்தை. 1917-ல டிரைவர் பிரேக்கை ஒழுங்கா பிடிக்காம ஒரு ரயிலையே கவுத்துட்டான். அறுநூறு எழுநூறு பேர் காலி” என்றார். இரண்டு நிமிஷப் படம். யாரோ கணீரென்ற குரலில் பேசுகிறார். ஆல்ப்ஸ் மலை, பனி, இருட்டு, “டிரைவரின் தவறு”, முடிந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அந்த ரயில் புறப்பட்ட மொதான் நிலையத்தில் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த டிரைவரின் கதையும் எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்கு, ‘கீழே இருப்பவன் தவறு’ என்று யாராவது சொன்னால் முதலில் வருவது சந்தேகம்தான். பெஞ்சில் இருட்டிவிட்டது, கொசு வேறு. சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிரான்சின் தென்கிழக்கில் சவுவா என்ற பகுதி. அதில் மோரியென் என்று ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆர்க் என்ற ஆறு, ஆற்றை ஒட்டித் தண்டவாளம். பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே மொதான். அதற்கப்புறம் வண்டி சுற்றி வளைத்து ஏறி மலைக்குள் நுழையும். பதின்மூன்று கிலோமீட்டர் சொச்சம் சுரங்கம். அந்தப் பக்கம் இத்தாலி. பிரெஞ்சு ரயிலும் இத்தாலி ரயிலும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் இந்த மொதான்.

எங்கள் காலத்தில் பிரெஞ்சு வாத்தியார் பூகோளப் பாடத்தில் பிரம்பால் தட்டித் தட்டி இந்தச் சுரங்கத்தை மனப்பாடம் செய்ய வைத்தார். புதுச்சேரியின் மண்டை வெடிக்கும் மே மாச வெயிலில், பனிமலைக்குக் கீழே எத்தனை மீட்டர் குடைந்தார்கள் என்று நாங்கள் ஒப்பித்தோம். அன்று அவர் சொல்லாமல் விட்ட ஒரு வேடிக்கை உண்டு. 1857-ல் குடைய ஆரம்பித்தபோது மலையின் இரண்டு பக்கமும் ஒரே ராஜாவுக்குச் சொந்தம், சார்தீனிய ராஜ்யம். 1860-ல் சவுவா பிரான்சுக்குக் கைமாறிவிட்டது. 1871 செப்டம்பரில் சுரங்கம் திறந்தபோது நாட்டின் எல்லை மலை வயிற்றுக்குள்ளே போய் உட்கார்ந்திருந்தது. ஒரே வீட்டுக்குள் போட்ட நடை, முடிக்கும்போது இரண்டு வீட்டுக்கு நடுவே போய்விட்டது. அப்படித்தான் மலையூரான மொதானுக்குச் சுங்கச்சாவடி, போலீஸ், இரண்டு நாட்டு ரயில் சிப்பந்திகள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். சுரங்கத்தைக் குடைந்த இஞ்ஜினியர் சொமெய்யே திறப்பு விழாவுக்குச் சில வாரம் முன்னால் காலமானார். காற்றழுத்தத்தால் பாறையைத் துளைக்கும் இயந்திரத்தை அத்தனை பெரிய வேலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

நம் நாட்டுக்கும் இந்த வழிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் தபால் மூட்டைகள் இந்த மலையைக் கடந்து, இத்தாலியின் அடிக்கோடியில் இருக்கும் பிரிந்திசித் துறைமுகத்தில் கப்பல் ஏறிச் சுயஸ் வழியாகப் பம்பாய்க்கு வந்த காலம் ஒன்று இருந்தது.

சரி, 1917-க்கு வருகிறேன். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் கபொரெத்தோவில் இத்தாலியப் படை படுதோல்வி அடைந்தது. முட்டுக்கொடுக்க பிரான்சும் இங்கிலாந்தும் தங்கள் படைகளை மொதான் வழியாக இத்தாலிக்கு அனுப்பின. டிசம்பரில் அதில் ஒரு பகுதி பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு லீவு கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. லீவு கிடைத்த சொல்தாவின் மனசு எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 12 ராத்திரி இத்தாலியிலிருந்து இரண்டு பகுதியாக வந்த வண்டிகளை மொதானில் ஒன்றாகக் கோத்தார்கள். 19 பெட்டி. நீளம் 350 மீட்டர். எடை 526 டன். உள்ளே ஆயிரம் பேர் அளவில் சிப்பாய்கள். இதற்கு இரண்டு என்ஜின் வேண்டும். இறக்கத்தில் எதற்கு இரண்டு என்ஜின் என்று கேட்கலாம். இழுப்பதற்கு இல்லை, பிடித்து நிறுத்துவதற்கு. அன்று இரண்டாவது என்ஜினை வெடிமருந்து வண்டிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் ஒன்று.

இப்போது அந்தப் படத்துக்காரர் சொன்ன பிரேக்குக்கு வருவோம். காற்று பிரேக் என்பது என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரு குழாய். டிரைவர் கையைத் திருப்பினால் குழாயில் அழுத்தம் இறங்கும், எல்லாச் சக்கரத்தையும் கட்டை ஒரே நேரத்தில் கவ்வும். நடுவில் பெட்டி அறுந்துபோனால்கூட அழுத்தம் இறங்கித் தானே கவ்விக்கொள்ளும். இதற்கு எல்லாப் பெட்டியிலும் அந்தக் கருவி இருந்து, எல்லாக் குழாயும் இணைந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி அந்த 19 பெட்டியில் காற்று பிரேக் வேலை செய்தது முதல் மூன்றில் மட்டும். மற்றவற்றில் கைப்பிரேக், அல்லது அதுவும் இல்லை. சில பெட்டிகளில் மட்டும் ஆள் உட்கார்ந்து, டிரைவர் விசில் கொடுத்தால் கையால் சக்கரத்தைச் சுற்றி இறுக்க வேண்டும். டிசம்பர் மாசம், மலை, நடுராத்திரி. என்ஜின் விசில் 350 மீட்டர் பின்னால் இருப்பவன் காதில் விழுந்து, அவன் விறைத்த கையால் சுற்றி முடிப்பதற்குள் வண்டி எங்கே போயிருக்கும்?

அதுவும் எந்தச் சரிவில்? மொதானிலிருந்து கீழே சேன் மிஷேல் என்ற ஊர் வரை சுமார் 16 கிலோமீட்டரில் 350 மீட்டர் அளவுக்கு இறங்குகிறது பாதை. சில இடத்தில் ஆயிரம் மீட்டருக்கு 30 மீட்டருக்கு மேல் இறக்கம். ரோட்டுக்கு இது ஒன்றுமில்லை, சைக்கிள்காரன் சிரித்துக்கொண்டே போவான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் போகும்போது அது பாதாளம். பனிச்சாரல் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

டிரைவரின் பெயர் ழிரார். வண்டியைப் பார்த்ததும் அவர் சொன்னார், ஒரு என்ஜினை வைத்துக்கொண்டு இந்த எடையோடு இறங்க முடியாது என்று. புறப்பட மறுத்தார். நிலையத்தில் ராணுவப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி, புறப்பட்டே தீர வேண்டும் என்றார். யுத்த காலம். ரயில் ஊழியர்கள் ராணுவத்தின் பிடியில் இருந்தார்கள். மறுத்தால் ஜெயில். வண்டியில் வந்த அதிகாரிகளில் பலர் மொதானிலேயே இறங்கி, பாரிஸ் எக்ஸ்பிரஸ் பிடிக்கப் போய்விட்டார்கள் என்கிறார்கள். மரப்பெட்டிகளில் சிப்பாய்கள் இருந்தார்கள். ராத்திரி பதினொரு மணி வாக்கில் ழிரார் புறப்பட்டார்.

கொஞ்ச தூரம் நிதானமாகவே இறங்கியது வண்டி. அப்புறம் வேகம் கூடியது. பிரேக்கைப் போட்டார், விசில் கொடுத்தார், என்ஜினைப் பின்னுக்கு ஓட்டப் பார்த்தார். கட்டைகள் சூடேறிச் சிவந்து, கீழே தீப்பொறி. அனுமதித்த வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். சேன் மிஷேலுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் முன்னால் சோசா பாலத்தருகே வளைவில் முதல் பெட்டி தடம் புரண்டபோது வேகம் நூற்றுக்கு மேல். ஒன்றின்மேல் ஒன்றாக மரப்பெட்டிகள் நொறுங்கின. உள்ளே மின்விளக்கு இல்லாததால் சிப்பாய்கள் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். சிலரிடம் கைக்குண்டு இருந்தது. தீ மறுநாள் வரை எரிந்தது. என்ஜின் மட்டும் அறுத்துக்கொண்டு கீழே ஓடிப்போய் நின்றது. பின்னால் வண்டி இல்லை என்பது அப்போதுதான் ழிராருக்குத் தெரிந்தது.

செத்தவர்கள் கணக்கு நானூற்றுக்கு மேல் என்பது அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அறுநூறைத் தாண்டும் என்பாரும் உண்டு. அடையாளமே தெரியாமல் போனவர்கள் ஏராளம். பிரான்ஸ் ரயில்வே வரலாற்றிலேயே இதற்கு மேல் ஒரு விபத்து இல்லை. பத்திரிகைகளில் என்ன வந்தது? ராணுவத் தணிக்கை வாயைக் கட்டிவிட்டது. லெ ஃபிகாரோ மாதிரிப் பெரிய பத்திரிகையே நான்கு நாள் கழித்து இருபது வரி சொச்சம் போட்டது.

பிறகு ராணுவ நீதிமன்றம் கூடியது. கூண்டில் நின்றவர்கள் யார்? ரயில்வே ஊழியர்கள் ஆறு பேர்.

இதைத்தான் என் நண்பர் கவனிக்க வேண்டும் என்கிறேன். இரண்டாவது என்ஜினை வேறு வண்டிக்குத் திருப்பியவர் கூண்டில் இல்லை. முடியாது என்று சொன்னவனைப் போ என்று சொன்னவர் கூண்டில் இல்லை. இணையாத பிரேக் குழாயோடு 19 பெட்டியைக் கோக்கலாம் என்று எந்த மேஜையில் முடிவானதோ, அந்த மேஜையும் இல்லை. போக மாட்டேன் என்றவனும் அவன் சகாக்களும்தான் நின்றார்கள்.

“அதான் விடுதலை ஆயிட்டாங்களே சார், நியாயம் கிடைச்சிடுச்சே” என்று நண்பர் மறுநாள் போனில் கேட்டார். ஆமாம், ஆறு பேரும் விடுதலை. ஆனால் யுத்த காலத்து ராணுவ நீதிபதிகளே இவர்கள்மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி என்ன? அப்படியானால் யார் மேல் என்பதுதானே? அந்தக் கேள்வியோடு கோப்பை மூடிவிட்டார்கள். விடுதலை செய்தது ழிராருக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும், சில கோப்புகளில் ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதுவது கீழே இருப்பவனைக் காப்பாற்ற இல்லை, மேலே போகாமல் தடுக்க. இது என் ஊகம். தவறென்றால் தக்க காரணத்தோடு எழுதுங்கள், போடுகிறேன்.

இன்னொருவர் சொன்னார், யுத்த காலத்தில் இதையெல்லாம் வெளியே சொன்னால் படையின் மனசு உடையும், மறைத்ததில் தப்பில்லை என்று. யுத்தம் 1918 நவம்பரில் முடிந்ததே ஐயா. சேன் மிஷேல் கல்லறையில் நினைவுத்தூண் திறந்தது 1923-ல். யுத்த மந்திரி மஜினோவே வந்தார். தூண் வைக்க ஐந்தரை வருஷம். 1961-ல் எலும்புகளை எடுத்து லியோன் பக்கம் லா துவா ராணுவக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். விபத்து நடந்த இடத்தருகே ஒரு பலகை வந்ததோ 1998-ல். எண்பது வருஷம் எந்தப் படையின் மனசு உடையாமல் காத்தார்கள்?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நான் இருந்த ஒரு ஆபீசில் (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்) சரக்கு வராமலே வந்துவிட்டதாகப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார் மேலதிகாரி. ஏற்றிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் ஓரத்தில் ‘வாய்மொழி உத்தரவுப்படி’ என்று பேனாவால் எழுதி, தேதியும் போட்டேன். அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் தன் பதிவேட்டில் பென்சிலால் எழுதியிருந்தார், அழித்துவிட்டார். தணிக்கைக்காரர்கள் வந்தபோது மெமோ இரண்டு பேருக்கும் வந்தது. எனக்கு விளக்கத்தோடு போயிற்று. அவருக்கு இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு. பெண் கல்யாணம் வைத்திருந்தார் அந்த வருஷம். உத்தரவு போட்டவர் பதவி உயர்வோடு வேறு இலாகா போனார். அங்கே போனது பணம். மொதானில் போனது உயிர். ஆனால் மெமோ எந்தத் திசையில் இறங்கும் என்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. மலையிலிருந்து தண்ணீர் மாதிரி.

2019-ல் மகள் வீட்டுக்கு லியோன் போயிருந்தபோது, ஒரு நாள் தனியாக ஷாம்பெரி போய், அங்கிருந்து உள்ளூர் வண்டியில் மொதான் போனேன். மகளுக்கு ஆச்சரியம், “அங்க என்னப்பா இருக்கு?” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். பெரிய நிலையம், நீள நீளமான பிளாட்பாரம், கூட்டம் இல்லை. ஒரு காலத்தில் இங்கே ஒவ்வொரு வண்டியும் நின்றாக வேண்டும். பிரெஞ்சுக் கம்பியில் ஓடும் மின்சாரம் வேறு, இத்தாலிக் கம்பியில் வேறு. அதனால் என்ஜின் மாற்றியே தீர வேண்டும். பிரெஞ்சுப் பக்கத்தில் 1970-கள் வரை தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு மின்சாரத் தண்டவாளம் ஓடியது. சுங்கம் பார்ப்பார்கள், பாஸ்போர்ட் பார்ப்பார்கள், ஊர் முழுக்க அந்த வேலைதான். 1993-ல் ஐரோப்பிய நாடுகளுக்குள் சுங்கம் போனது, ஊரின் பிழைப்பில் பெரும்பகுதியும் போனது.

ஊருக்கு வெளியே பழைய சுரங்க வாயில் பக்கம் கோணல் வீடு என்று ஒன்று காட்டினார்கள். 1944-ல் ஜெர்மானியர் பின்வாங்கும்போது வெடி வைத்துவிட்டுப் போனார்கள். காவல் கட்டடம் உடையாமல் முழுசாகத் தூக்கி எறியப்பட்டுச் சாய்ந்து நிற்கிறது. உள்ளே நடந்தால் தலை சுற்றும். சுற்றுலாக்காரர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன்.

திரும்பி இறங்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். எதிரே ஒரு பையன் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு தூங்கினான். பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. வண்டி பதமாகப் பிரேக் போட்டுக்கொண்டே இறங்கியது, அந்தச் சத்தம் கீழே வரை விடவில்லை. சேன் மிஷேல் பலகை வந்தபோதுதான் என் கை இருக்கைப் பிடியை இறுக்கியிருந்தது தெரிந்தது.

இனி அந்த இறக்கத்தை வெளியூர்ப் பயணிகள் பார்க்கப்போவதும் கொஞ்ச காலம்தான். 2023 ஆகஸ்டில் மலை சரிந்து பாதையை மூடியது, 2025 வசந்தம் வரை திறக்கவில்லை. கீழே சேன் ழானிலிருந்து இத்தாலியின் சூசா வரை 57 கிலோமீட்டருக்கு மேல் புதுச் சுரங்கம் குடைகிறார்கள். அது முடிந்தால் பெரிய வண்டிகள் மொதானுக்கு ஏறவே ஏறாது, மலைக்கு அடியிலேயே போய்விடும். சரக்குக்கு நல்லது, நான் எதிர்ப்பாளன் இல்லை. ஆனால் கண்ணில் படாத பாதையின் கதையை யார் சொல்வார்கள்? இரண்டு நிமிஷப் படக்காரர்தான் சொல்வார். ‘டிரைவரின் தவறு’ என்பார். அதனால்தான் இப்போதே மறுக்கிறேன்.

நம் கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்தில் இருப்பது பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் அந்த யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவு. மொதான் வண்டியில் நம் ஊர்க்காரர் யாரும் இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அதே யுத்தம், அதே அரசாங்கம், அதே லீவுச் சீட்டு. நவம்பர் 11-ல் மலர்வளையம் வைக்கிறார்கள், நல்ல காரியம். வருகிற டிசம்பர் 12 சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஒரு முழம் கதம்பத்தோடு அங்கே இருப்பேன். உள்ளே விடமாட்டார்கள், வெளிக்கம்பியில் கட்டிவிட்டு வரலாம். காந்தி சிலைக்கு எதிர்ப்பக்கம், வழக்கமான பெஞ்ச். படம் காட்டிய நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வாரும் ஐயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.